உறைந்த மழையும் வெண்பஞ்சும்

(பெரியநாயக்கன்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்மாவைப் பெற்ற என் அம்முச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்து, என்னை வேதாகமம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருநாள் ஏசாயாவின் முதல் அதிகாரம் வந்தது. பாவம் எவ்வளவு சிவப்பேறிக் கிடந்தாலும் வெளுத்துவிடும் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிற இடம் அது. அந்த வெண்மைக்கு அங்கே இரண்டு உவமைகள். முதலாவது, ‘உறைந்த மழை’. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “ஆலங்கட்டி மழ கண்ணு. போன சித்திரையில நம்ம வாசல்ல விழுந்துச்சல்லோ, நீ கூட ஓடிப்போய் எடுத்தீல்ல? எனக்குக் காட்டறதுக்குள்ள தண்ணியாப் போயிருச்சு. சாமி மன்னிக்கறதும் அப்படித்தான். எங்க இருந்துச்சுன்னே தெரியாது” என்றார்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, எபிரேய மூலத்தில் இருப்பது ஆலங்கட்டி இல்லை என்று. எருசலேம் மலைநாட்டில் சில குளிர்காலங்களில் பஞ்சுப் பொதியாக வானத்திலிருந்து இறங்கித் தரையை மூடிக்கொள்கிற வெண்பனி அது. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கிற பனித்துளிதான். அதற்கு நிறமில்லை. தரையை மூடும் பனியைக் கண்ணால் பார்த்திராத மொழிக்கு அதை எப்படிக் கொண்டுவருவது? ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவேற்றிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததும், சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவதுமான வேதாகமத்தில் அது ‘உறைந்த மழை’ ஆகியிருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் பனி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது.

அம்முச்சி சொன்னது மூலத்தின்படி பிழை. வெண்பனி விழுந்தால் சேறும் சகதியும் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். ஆலங்கட்டியோ விழுந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். ஒன்றில் பாவம் மறைக்கப்படுகிறது, மற்றதில் இல்லாமலே ஆகிறது. வேதாகமத்தின் வேறு இடங்களைப் புரட்டினால் இந்த இரண்டு விதமாகவும் மன்னிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சங்கீதங்களில் மூடப்படுவதாகவும், இதே ஏசாயாவின் பிற்பகுதியில் அடியோடு துடைக்கப்படுவதாகவும். அம்முச்சி ஓர் உவமையைத் தவறாகப் பிடித்து, சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார். அது எப்படி நடந்தது என்ற கேள்விதான் என்னை இந்தப் பொருளுக்கு இழுத்து வந்தது. கிறிஸ்தவ மறைநூலின் குறியீடுகளுக்குப் பொருள் காண்பது எப்படி என்பதே இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு.

அந்த வசனத்தின் இரண்டாவது உவமை நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். மூலத்தில் இருப்பது செம்மறியின் வெள்ளை மயிர், வெண்கம்பளி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது பஞ்சு. தானியேல் கண்ட காட்சியில் முதியவராக வீற்றிருப்பவரின் தலைமுடிக்கும், வெளிப்படுத்தல் நூலின் முதல் அதிகாரத்தில் யோவான் கண்டவரின் தலைமுடிக்கும் மூலத்தில் கம்பளியே உவமை. அந்த இரண்டு இடத்திலும் தமிழில் பஞ்சுதான். ஓரிடத்தில் என்றால் கைதவறியது எனலாம். மூன்று இடத்தில் என்றால் யோசித்துச் செய்திருக்கிறார்கள். இந்த நாட்டில் கம்பளி என்றதும் நினைவுக்கு வருவது கறுப்பும் பழுப்பும் கலந்த முரட்டுப் போர்வை. வெள்ளைக்கு நமக்குத் தெரிந்த பேர் பஞ்சு. கருங்கண்ணிப் பருத்திக் காட்டில் காய் வெடித்து நிற்பதைக் காலை வெயிலில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. இந்தப் பெரியநாயக்கன்பாளையத்திலேயே 1962இல் தொடங்கி நூற்பு எந்திரங்கள் செய்துவருகிறார்கள். பஞ்சை விட்டால் இந்த மண்ணுக்கு வரலாறே இல்லை.

ஆனால் அந்த உவமையின் பாரம் வெள்ளையில் மட்டும் இல்லை, சிவப்பிலும் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் சிவப்பு, ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். எபிரேயச் சொல்லிலேயே புழு ஒளிந்திருக்கிறது. துவைத்தாலும் போகாத கெட்டிச் சாயம் அது. திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, “சாயம் ஏறுன நூல வெளுக்கலாமுங்க, பழையபடி பஞ்சாக்க முடியாதுங்க” என்றார். நான் படித்த விளக்கவுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவாக இந்த உவமை எனக்குத் திறந்ததில்லை. நூலைத் திரும்பப் பஞ்சாக்குவது யாராலும் ஆகாத காரியம். அந்த ஆகாத காரியத்தைத்தான் கடவுள் செய்வதாகச் சொல்கிறார். மூலத்தில் கம்பளி இருந்தபோதும் பாரம் இதேதான்: சாயம் ஏறிய பிறகு, ஆட்டின் முதுகில் இருந்த நிறத்துக்கே திரும்புவது.

நான் சொல்ல வந்தது இதுதான். மறைநூலில் ஒரு குறியீட்டைப் பார்த்ததும் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது என்ன? எப்படி இருக்கும்? யார் கையில் புழங்கும்? எப்போது கெடும்? இதைக் கேட்காமல் பொருளுக்குத் தாவுகிறவர் தன் மனத்தில் ஏற்கெனவே இருந்ததையே அங்கே எடுத்துக்கொண்டு திரும்புவார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்று ஒன்றை வகுத்திருக்கிறார். உவமை மட்டும் பாட்டில் நிற்கும், பொருள் அதற்குள் உறையும். அது நிற்பதற்கு நிலமாக அவர் கொடுப்பது கருப்பொருள்களை: அந்தந்தத் திணையின் உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். கருப்பொருள் வரிசையில் முதலில் நிற்பது தெய்வம். அதை மட்டும் உள்ளுறையிலிருந்து விலக்கிவிடுகிறார். இந்த விலக்கை நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் அதன் அழகு எனக்குப் பிடிபடவில்லை. இயேசுவின் உவமைகளை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்த அன்றுதான் பிடிபட்டது. விதை, வலை, புளித்த மாவு, காணாமற்போன காசு, ஆடு, அத்திமரம், விளக்கு, உப்பு. கடவுளைப் பற்றியே பேசுகிறார், ஆனால் இந்த உவமைகள் நிற்கும் நிலத்தில் வானவரோ அதிசயமோ கிடையாது. சமையற்கட்டும் காடு கரையும் கடற்கரையுமே அவருக்குப் போதுமாக இருந்தன. தொல்காப்பியர் காதலுக்கு வகுத்த விதி கலிலேயாவில் இறையரசுக்குப் பொருந்தி நிற்கிறது.

குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டு ஒன்று பலருக்கு நினைவிருக்கும். தலைவன் தலைவியைச் சேர்ந்த அன்று பக்கத்தில் சாட்சியாக இருந்தது ஒரு குருகு மட்டும். அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. குருகு எதைக் குறிக்கிறது என்று அகராதி பார்த்து என்ன பயன்? ஒரு குருகு மீனுக்காக எப்படி அசையாமல் நிற்கும் என்பதைப் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணின் பயம் புரியும்.

குறியீட்டுக்கு அகராதி எழுதுகிறவர்கள் கிறிஸ்தவ உலகில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அகுஸ்தினார் பேரறிஞர், அவர்மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. நல்ல சமாரியர் கதையில் சத்திரம் திருச்சபை என்றும், சத்திரக்காரர் பவுல் அப்போஸ்தலர் என்றும், அவரிடம் கொடுத்த இரண்டு காசு அன்பின் இரண்டு கட்டளைகள் என்றும் அவர் பிரித்து எழுதினார். ஒவ்வொன்றும் பக்தியோடு சொன்னதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருள் சொல்லி முடித்த பிறகு, அடிபட்டு வழியில் கிடந்த மனிதர் எங்கே போனார்? 1880களில் அடோல்ப் யூலிகர் என்ற ஜெர்மானிய அறிஞர் எதிர்த்திசைக்குப் போய், ஓர் உவமைக்கு ஒரு பொருள்தான் என்று வாதிட்டார். அதுவும் ஒருவகை அவசரம்தான்.

அகராதி ஏன் உதவாது என்பதை வேதாகமமே காட்டுகிறது. ஏதேனில் வஞ்சித்தது பாம்பு. வனாந்தரத்தில் மோசே கம்பத்தில் உயர்த்தியதும் பாம்பு. அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பாம்பைப் போல் விவேகமாய் இருங்கள் என்று சீடர்களுக்குச் சொன்னதும் இயேசுதான். பேதுருவின் நிருபத்தில் கெர்ச்சிக்கிற சிங்கம் சாத்தான். வெளிப்படுத்தலில் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. புளிப்பு ஓரிடத்தில் இறையரசு, இன்னோரிடத்தில் பரிசேயரின் போதனை. புற்றுக்குப் பால் வார்க்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. பயமும் வணக்கமும் ஒரே பாம்பின் முன்தான் நிற்கின்றன.

புளிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்று படி மாவில் அடக்கிவைத்தாள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூன்று படி என்றதும் ஒரு குடும்பத்துக்கு நாலைந்து நாளைக்கு ஆகிற மாவு கண்ணில் வருகிறது. ஆனால் மூலத்தின் அளவு மூன்று சேயா. குறைந்த கணக்கில் பார்த்தாலே 20 லிட்டருக்கு மேல் வரும். பல அறிஞர்கள் சொல்லும் கணக்கில் 40 லிட்டருக்குப் பக்கம். நம் பக்கத்தில் இதை வள்ளக் கணக்கில்தான் சொல்வோம். வீட்டுக்குச் சுடுகிற அப்பத்துக்கு யாரும் அவ்வளவு பிசைய மாட்டார்கள். அது ஊர்ச் சோறு, கல்யாணச் சமையல். அளவைச் சுருக்கியதில் அந்தப் பெண்ணின் கைவலியும், கேட்டவர்கள் முகத்தில் வந்திருக்கக்கூடிய வியப்பும் நமக்கு வராமல் போயின. ஆனால் மொழிபெயர்த்தவர்கள் ஒன்றைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். ஆதியாகமத்தில் ஆபிரகாம் வீட்டுக்கு மூன்று விருந்தாளிகள் வந்தபோது சாராள் பிசைந்ததும் அதே மூன்று சேயா, தமிழிலும் அதே மூன்று படி. இரண்டு இடத்திலும் ஒரே அளவை வைத்ததால், கவனமாக வாசிக்கிற தமிழ்ப் பெண் ஒருத்திக்கு அந்தப் பழைய விருந்து நினைவுக்கு வர வழியிருக்கிறது.

அதே மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டர் ஊர் நம்முடையது. மாவு ராத்திரியில் பொங்குவது நமக்கு அன்றாடம். ஆனால் நம் இட்லி மாவு தானே புளிக்கிறது. யாரும் அதற்குள் எதையும் ஒளித்துவைப்பதில்லை. இயேசு சொன்ன செயலுக்கு நம் வீட்டில் சரியான இணை, பாலுக்கு உறை ஊற்றுவது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி வந்து ஊற்றி மூடிவைத்து, காலையில் திறந்தால் பால் அங்கே இல்லை. இந்த உவமையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது நான் உறைமோரைத்தான் சொல்கிறேன்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற குறியீடு சில நேரம் குறுக்கே நிற்கும், சில நேரம் கதவைத் திறக்கும். கடுகு குறுக்கே நிற்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியில் வளர்ந்தவருக்குக் கடுகு என்றால் காரம். இயேசுவின் உவமையோ ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடியைப் பற்றியது. உப்பு கதவைத் திறக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற மொழிக்காரனுக்கு, எண்ணாகமத்தில் வருகிற உப்பு உடன்படிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றால் அவருக்குத் துரோகம் செய்யலாகாது என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. உப்பு என்றதும் இந்த ஊரில் இன்னொரு கதையும் நினைவுக்கு வரும். அவினாசிலிங்கம் அவர்கள் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இங்கே இருக்கிறது. கடலை ஆழம் பார்க்கப் போன உப்புப் பொம்மையைப் பற்றிப் பரமஹம்சர் சொன்ன கதையைக் கேட்காமல் இங்கே பிள்ளைகள் வளர்வதில்லை. அந்தப் பொம்மை கடலில் கரைந்து கடலாகிவிடும். மலைப்பிரசங்கத்தின் உப்பு உலகத்தில் கரைந்து உலகத்துக்குச் சுவை தர வேண்டும். இரண்டிலும் கரைதல் உண்டு, கரைகிற திசை வேறு. இவற்றை ஒன்றாக்கிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். ராமகிருஷ்ணரின் சீடர்கள் துறவுக்கு உறுதியெடுத்தது 1886இல், கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில். இந்தப் பொருளை இந்த ஊரில் பேசுவது அந்நியம் இல்லை என்று நினைக்கிறேன்.

தமிழில் மறைநூலைப் பாடியவர்கள் இதை எனக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாட எடுத்தபோது நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, அந்த வறண்ட மலைநாட்டைத் தமிழ்க் காப்பியத்தின் நீர்வளத்தால் நனைத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியில் இன்னும் துணிந்தார். திருச்சபையைத் தேவமோகினி என்ற தலைவியாக்கினார். குறி சொல்ல வருகிற குறத்தி விசுவாசம். அவள் கணவன் சிங்கன் பறவைக்குக் கண்ணி வைக்கிறான். அந்தப் பறவைகள் ஆன்மாக்கள். சுவிசேஷத்தில் மனிதரைப் பிடிப்பது மீன் வலை, குறவஞ்சியில் அது பறவைக் கண்ணி. வலை மாறினாலும் பிடிக்கிறவரின் பொறுமை மாறவில்லை. நம் காலத்தில், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று எல்லாரும் அழைத்தவர், 2005இல் மறைந்தார். அவர் திருவிருந்தை ‘ஒரு ஒலை’ என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தார். எல்லாருடைய அரிசியும் ஒரே உலையில் கொதித்து எல்லாரும் ஒன்றாக உண்பது. தனித்தனித் தம்ளரில் தண்ணீர் கொடுத்த ஊர்களில் அப்பம் பிட்கிற குறியீட்டுக்கு என்ன பொருள் என்று அவரைப் போல் நேராகக் கேட்டவர்கள் குறைவு. பிட்ட அப்பம் எதைக் குறிக்கிறது என்று ஆயிரம் பிரசங்கம் கேட்கலாம். யாரோடு உட்கார்ந்து தின்கிறோம் என்பதில் அதன் பொருள் முடிந்துவிடுகிறது.

இனி கொங்கு நாட்டின் ஒரு செடி. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டைச் சுற்றி உயிர்வேலியாக முள்ளுக்கிளுவை நிற்கும். ஆடும் மாடும் அதைத் தாண்டாது. பட்டையைக் கீறினால் பிசின் கசியும், வாசமும் இருக்கும். ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று வெள்ளைப்போளம். அது அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலும் வளர்கிற ஒரு முள்மரத்தின் பிசின். தாவர நூலார் அந்த மரத்தையும் நம் கிளுவையையும் கோமிபோரா என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். இரண்டும் உடன்பிறப்புகள். குழந்தைக்கு ஏன் வெள்ளைப்போளம்? யோவான் சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியில் இயேசுவின் உடலை அடக்கம் செய்யும்போது நிக்கோதேமு கொண்டுவருவதும் வெள்ளைப்போளம்தான். பிறப்பில் கொடுத்த பரிசிலேயே சாவின் வாசம் இருந்தது என்று பழைய ஆசிரியர்கள் வாசித்தார்கள். நான் அதை ஏற்கிறேன். ஆனால் நூலில் படித்து ஏற்பது வேறு. கிளுவை வேலியை வெட்டும்போது கையில் ஒட்டி, சோப்புப் போட்டும் நாளெல்லாம் போகாமல் இருக்கிற அந்தப் பிசின் வாசத்தோடு ஏற்பது வேறு. கீறினால்தான் பிசின் வரும் என்பதும் அந்தக் கைக்குத்தான் தெரியும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். குறியீடு என்றதும் பலர் கேட்பது வெளிப்படுத்தல் நூலைப் பற்றித்தான். ஏழு தலை மிருகம், 666, சூரியனை உடுத்த பெண், பழைய மொழிபெயர்ப்பில் வலுசர்ப்பம் என்றும் திருவிவிலியத்தில் அரக்கப் பாம்பு என்றும் வருகிற அந்த நாகம். இதை ஒரு கால அட்டவணையாக வாசித்து ஏமாந்தவர்களின் கதை நீளமானது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு 1875இல் யுயோமயம் என்ற சபையைத் தொடங்கி, 1881இல் கிறிஸ்து திரும்புவார் என்று அறிவித்தார். மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களில் அவருடையவை அருமையானவை. அவரும் அவரை நம்பியவர்களும் வஞ்சகர்கள் அல்லர், ஏங்கியவர்கள். அந்த ஏக்கத்தைத் தேதிக்குள் அடைத்ததில்தான் அது உடைந்தது.

அந்த நூல் பத்மு என்ற சிறு தீவில் ஒதுக்கப்பட்டிருந்த ஒருவர் சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதியது. அவர்களுக்கு அந்த மிருகம் புதிர் இல்லை. நம் நாளிதழில் வாடிய இரட்டை இலைமேல் உதயசூரியன் காய்கிற ஒரு கேலிச்சித்திரம் வந்தால் பேர் எழுத வேண்டியதில்லை, டீக்கடையில் எல்லாருக்கும் புரியும். இரண்டாயிரம் ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் தோண்டி எடுக்கிறவர் அதை விவசாயப் படம் என்று நினைக்கலாம். ஏழு மலைமேல் உட்கார்ந்த பெண் என்றதும் அவர்களுக்கு ரோம் என்று தெரியும். நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதி எண்களாகக் கூட்டினால் 666 வரும். நீரோ என்பதன் கடைசி எழுத்தை விட்டு எழுதினால் 616. பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருப்பதை இரண்டாம் நூற்றாண்டின் இரேனியுஸ் அறிந்திருந்தார். எகிப்தில் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரசிலும் அதுவே இருக்கிறது. உயிருக்குப் பயந்து பேரரசைப் பேர் சொல்லாமல் பேசியவர்களின் மொழி அது.

அப்படியானால் அது ரோமோடு முடிந்துபோன செய்தியா? இல்லை. இதைச் சொல்லத்தான் நொய்யல் ஆற்றுக்கு வருகிறேன். வெளிப்படுத்தலின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு நட்சத்திரம் ஆறுகள்மேல் விழுந்து தண்ணீர் கசக்கிறது. பலர் அதைக் குடித்துச் சாகிறார்கள். அந்த நட்சத்திரத்தின் பெயர் மூலத்தில் ஒரு கசப்புப் பூண்டு, பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எட்டி. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அந்த ஊர்ப் பெயரும் அதே இனத்துப் பூண்டின் பெயர் என்பதால் தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். நம் பக்கத்தில் திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணற்றையெல்லாம் கெடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்தக் காலத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எட்டி என்ற நட்சத்திரம் நொய்யலில் விழுந்துவிட்டது என்றார். பலர் ஆமோதித்தார்கள்.

நொய்யலை நினைத்து யோவான் எழுதவில்லை. எழுதினார் என்று சொல்வது, நட்சத்திரத்தின்மேல் பழியைப் போட்டு, கழிவைத் திறந்துவிட்டவர்களை விட்டுவிடுவது. ஆனால் அந்தக் கூட்டத்தில், அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் தலையைக் குனிந்து அழுதார். தன் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பியவர் அவர். தென்னை கருகியதைப் பார்த்தவர். தண்ணீர் கசந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அறையில் அவருக்கு இணையாக யாரும் அறிந்திருக்கவில்லை. செல்வம் குவிக்கிற ஒரு பேரரசு தன் சிவப்பையும் நீலத்தையும் ஆற்றில் விடும், குடிக்கிறவர்கள் சாவார்கள் என்று அந்தப் பழைய படம் சொல்வதை அவர் நாக்கால் வாசித்தார். வெளிப்படுத்தலின் பதினெட்டாம் அதிகாரத்தில் ரோமின் வணிகர்கள் அழுது புலம்புகிற சரக்குப் பட்டியலில் சிவப்புத் துணியும் உண்டு; பட்டியலின் கடைசியில் மனித உயிரும் உண்டு என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

அதே நூலின் முடிவில் புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது கடல் இனி இருக்காது என்கிறார் யோவான். தீவில் அடைபட்டவருக்குக் கடல் சிறைச்சுவர். எபிரேயர்களுக்கு அது எப்போதும் மிருகங்கள் எழுந்து வருகிற குழப்பம். ஆனால் 1530களில் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவரின் பேரப்பிள்ளைகள் இதை எப்படிக் கேட்பார்கள்? கடல் அவர்களுக்குத் தாய், தொழில், நிலம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் அவர்கள் அந்தக் கடலுக்கே திரும்பிப் போனார்கள். கடலே இல்லாத மோட்சத்தில் அவர்களுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. விடையில்லாத இடத்தில் நின்று வாசிப்பதும் வாசிப்புதான் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன்.

எனக்குக் கவலையாக இருப்பது வேறொன்று. பொருள் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். நுகத்தடியைக் கையால் தடவிப் பார்த்தவர் இன்று எத்தனை பேர்? யஸ்தின் என்ற இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர், இயேசு தச்சராக இருந்தபோது கலப்பையும் நுகமும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். தன் நுகம் இதமானது என்று இயேசு சொன்னபோது, மாட்டின் கழுத்துக்குத் தக்கபடி மரத்தை இழைத்து வழவழப்பாக்கிய கை அதைச் சொல்லியிருக்கிறது. கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் என் அப்புச்சி, காங்கேயம் காளையின் கழுத்தில் காய்ப்புக் கண்டால் அன்றைக்கு ஏரும் பூட்ட மாட்டார், கவலையும் ஓட்ட மாட்டார். தச்சரை வரச்சொல்லி நுகத்தைத்தான் திருத்துவார். மாட்டை அடிக்க மாட்டார்.

போன மாசியில் என் பேத்தி முதலாம் சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். துன்மார்க்கர் காற்றில் பறக்கிற பதரைப் போன்றவர்கள் என்ற இடத்தில் நின்று, “தாத்தா, பதருன்னா என்ன?” என்றாள். களத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றால் எங்கள் பக்கத்தில் இப்போது களம் இல்லை. பதரைப் பிரிக்கிற கருவியை வேறோர் இடத்தில் தூற்றுக்கூடை என்கிறது பழைய மொழிபெயர்ப்பு, சுளகு என்கிறது புதியது. நாங்கள் முறம் என்போம், அதுவும் பரணில் கிடக்கிறது. பாலமலைக்குப் போகிற பாதையில் ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்துப் போனேன். தார் ரோட்டில் யாரோ கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி இறங்கி மிதிக்கட்டும் என்று. ஓரமாக நிறுத்தினேன். ஒரு டவுன் பஸ் அதன்மேல் ஏறிப் போனது. பின்னால் கிளம்பிய காற்றில் பொட்டும் தூசியும் எழுந்து எங்கள்மேல் விழுந்தன. ரோட்டில் கொள்ளு அப்படியே கிடந்தது. அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு பொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊதினாள்.